அண்ணன் கடைந்த கட்டைகள்

துருக்கியின் அன்தெப் நகரத்துக் கடைசல்காரத் தெருவில் செலாமியும் அவன் அண்ணன் வெய்சலும் ஒரே பட்டறையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பக்லாவா என்கிற இனிப்பு செய்யும் கடைகளுக்கு நீளமான, மெல்லிய உருட்டுக்கட்டை கடைவது தொழில். செலாமி சதுரக் கழியை உருண்டையாக்குவான். வெய்சல் அதை அளவுக்குக் கொண்டுவருவார். மாவுத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்து ஒன்றாகத் தேய்க்கிற கட்டை அது. எங்காவது ஒரு மயிரிழை தடித்தாலும் தகடு கிழிந்துவிடும்.

இருவருக்கும் பேச்சு கிடையாது. செலாமி பட்டாளத்தில் இருந்தபோது அப்பா இறந்துபோனார். எல்லையில் நிற்கிற பையன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான் என்று பயந்து வெய்சல் தகவல் அனுப்பவில்லை. விடுப்பில் வந்தவன் அப்பாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டையோடு வாசலில் நின்றான். அன்றைக்கு மூடிய வாய். அதன்பிறகு எல்லாமே டீக்கடை ஜுமாலி வழியாகத்தான்.

"ஜுமாலி, அந்த ஆளுகிட்டச் சொல்லு, கழி ஈரமா இருக்குன்னு."

"அண்ணே, உங்க தம்பி எட்டிப்புடிக்கிற தூரத்துலதான் நிக்கிறாரு. நான் டீ குடுக்க வந்தேனா, தந்தி குடுக்க வந்தேனா?"

ஒரு வசந்தத்தில் கட்டைகள் பிசகத் தொடங்கின. செலாமி ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே ஓடவிட்டான், நுனிப்பக்கம் தடிப்பு. அடுத்ததில் நடுவே பள்ளம். திரும்பிப் பார்த்தபோது அண்ணனின் வலது கை உளியோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவர் மதியத் தொழுகைக்குப் போனதும் தடித்ததைச் சீவிச் சரிசெய்தான். மெலிந்ததை அடுப்பில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்று கடைந்து வைத்தான். தினமும் இதுவே வேலையாயிற்று. கடைக்காரர்கள் வெய்சலின் கைவாகைப் புகழ்ந்தார்கள். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

ரமலானுக்கு முன்பு, ஆர்டர்கள் குவிந்து கிடந்த ஒரு நாளில், வெய்சல் இயந்திரத்தின் மேலேயே சரிந்தார். வாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது.

எத்தனையோ வருடம் கழித்துச் செலாமி அண்ணன் வீட்டுப் படியேறினான். அண்ணி ஹாஜர் கட்டிலருகே நாற்காலி போட்டாள்.

வெய்சல் குழறிக் குழறிக் கேட்டார். "என் கட்டையெல்லாம் திருத்தி வெச்சது நீதானே?"

"ஆமாண்ணே."

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? என் உளி போன தடம் எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? டாக்டர்கிட்டப் போயிருப்பேன்ல?"

மன்னிப்புக் கேட்கத்தான் செலாமி வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"அப்பா செத்தப்ப நீ சொன்னியா?"

வெய்சல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே வாரம் நோய் மறுபடி தாக்கியது. இந்த முறை பேச்சும் போயிற்று.

இப்போது இரண்டு இயந்திரங்களையும் செலாமி ஒருவனே ஓட்டுகிறான். மாலையில் போய் அண்ணனுக்குப் பருப்பு சூப் ஊட்டப் பார்க்கிறான். கரண்டி உதட்டில் பட்டதும் அவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

"கோவம் இல்ல தம்பி, சீக்கு பண்ற வேலை" என்கிறாள் ஹாஜர்.

கரண்டியை அவள் வாங்கினால் வாய் திறக்கிறது. செலாமி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறான்.