மாட்டுங்கா என்று எழுதும் தாராவிக்காரர்கள்

ஒருவர் எழுதித் தந்த முகவரியில் அவர் உண்மையிலேயே குடியிருக்கிறாரா என்று கதவைத் தட்டிக் கேட்பதுதான் என் உத்தியோகம். கம்பெனிகள் புதிதாக ஆள் எடுக்கும்போது எங்களை அனுப்பும். மும்பை தாராவியில் இருந்துகொண்டு, குடிசைப் பகுதி என்றால் வேலை தரமாட்டார்கள் என்று ஃபாரத்தில் வேறு ஊர் எழுதும் என் சொந்தங்களே, உங்களால் நான் நடந்த நடை கொஞ்சமல்ல. ஆனால் நானும் உங்களில் ஒருவன். என் வேலை நிரந்தரமாவதே என் முகவரி சரியாக இருப்பதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் வரும் ஊர்

'சயான்' என்று எழுதியிருந்த ஒருவரைத் தேடி சயானில் ஒன்றரை மணி நேரம் அலைந்தேன். போன் செய்தேன். அவர் வழி சொல்லச் சொல்ல நடந்தால், தாராவிக்குள் என் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி வந்து நிற்கிறேன். இது எப்படி சயான் ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன். ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"சயான் ஸ்டேஷன்ல அனௌன்ஸ் பண்றது இங்க கேக்குல்லா? அப்ப இது சயான்தான தம்பி."

ஆள் இல்லை

ஃபைலோடு போய்ப் பெயர் சொல்லி விசாரித்தால், போலீஸ் என்றுதான் எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். செல்வம் என்பவரைக் கேட்டேன். மூன்று வீட்டில் அப்படி யாருமே இல்லை என்றார்கள். நாலாவது வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், அவன் ஊருக்குப் போய் ஒரு மாசமாச்சு, இனி வரமாட்டான் என்றார். ஆள் இல்லையென்றால் அவருக்குக் கிடைத்த வேலை போய்விடும் என்றேன். வாயைக் கொப்பளித்தார்.

"அத மொதல்லயே சொல்லப்படாதா? நாந்தான் செல்வம்."

என் முறை

எங்கள் பகுதியின் பெயர் மாட்டுங்கா லேபர் கேம்ப், இருப்பது தாராவி. மாட்டுங்கா என்றால் பக்கத்திலிருக்கும் வசதியான ஏரியா என்று நினைப்பார்கள்; வேலைக்குச் சேரும்போது 'மாட்டுங்கா'வோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். பொய் எழுதியதற்காக வேலை போய்விடுமோ என்று பயந்து, மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி, 'தாராவி' என்று திருத்திக் கொடுத்தேன். அதை அம்மாவிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

யார் கேட்டாலும் மாட்டுங்கா என்று சொல்லும்படி காலேஜ் நாளிலிருந்தே அம்மாவைப் பழக்கியிருந்தேன். என் முகவரியைச் சரிபார்க்க வந்தவன் கூட வேலை பார்க்கும் செம்பூர் கார்த்திக். அம்மா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, மகன் மானத்தைக் காப்பாற்றி அனுப்பியிருக்கிறார். மறுநாள் கார்த்திக் என்னிடம் பேப்பரை நீட்டினான்.

"டேய், இது தாராவியே இல்லன்னு உங்கம்மா கையெழுத்தே போட்டுட்டாங்க. நீ தாராவின்னு பொய் எழுதியிருக்கேன்னு ரிப்போர்ட் குடுக்கவா?"

தாராவியில் குடியிருப்பதாகப் பொய் சொன்ன குற்றத்துக்காக மேனேஜர் முன் நின்று, லைட் பில்லைக் காட்டி, நான் தாராவிக்காரன்தான் சார் என்று கெஞ்சி வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருக்கும்.