நான் வாங்காத சம்மன்

கோர்ட் ஆள் சம்மனோடு வந்தபோது நான் கிரைண்டரில் அரிசியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டார். கையில் மாவு வழிய, கொஞ்சமும் கூசாமல், "அவங்க நாகர்கோவில் போயிருக்காங்க, நான் வேலைக்காரி" என்றேன். காகிதத்தைக் கையில் வாங்காவிட்டால் கேஸ் நம்மேல் ஒட்டாது என்பது எங்கள் வலியசாலைத் தெருவில் பலருக்கும் உள்ள நம்பிக்கை. எனக்கும் இருந்தது. அப்படி ஒரு முட்டாள் நான்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே, நான் சேச்சி என்று கூப்பிடும் மலையாளத்து அக்கா கையெழுத்துப் போட்டுத் தன் சம்மனை வாங்கிக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

சேச்சி இந்தக் கடனில் ஒரு பைசா தொட்டதில்லை. மாவு வியாபாரத்துக்குப் பெரிய கிரைண்டர் வேண்டுமென்று ஒரு சீட்டில் சேர்ந்து, மூன்றாம் மாதமே ஏலத்தில் எடுத்தவள் நான். சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் நின்றால்தான் பணம் என்றது சீட்டுக் கம்பெனி. பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கும் சேச்சி, லீவு போட்டுச் சம்பளச் சர்டிபிகேட் வாங்கி வந்து கையெழுத்துப் போட்டாள். பிறகு கடைகளில் பாக்கெட் மாவு குவிந்தது. என் வியாபாரம் படுத்தது, தவணையும் நின்றது.

சம்மன் வந்த நாளிலிருந்து நான் சேச்சியிடமிருந்து ஒளிந்து திரிந்தேன். அவள் வேலைக்குப் போகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்துவேன். ஏதாவது கேட்டால் திருப்பிக் கொடுக்க வசனம்கூட வைத்திருந்தேன்: கையெழுத்துப் போடச் சொல்லி உன் கழுத்தையா பிடித்தேன்? என் வாய் அப்படிப்பட்ட வாய். அவள் கேட்கவே இல்லை. அதுதான் என்னை அரித்தது.

என்னிடம் மாவு வாங்கும் வக்கீல் ஒருவரிடம் கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட ஃபீஸுக்கு நான் இரண்டு மாதம் மாவரைக்க வேண்டும். என் முகம் போன போக்கைப் பார்த்து, ஓசியிலேயே ஒன்று சொன்னார். நான் போகாவிட்டால் தீர்ப்பாகிவிடும். என்னிடம் பிடுங்க ஒன்றுமில்லை, அதனால் சேச்சியின் சம்பளத்தில்தான் மாதாமாதம் பிடிப்பார்கள். நானே நேரில் போய்த் தவணை கேட்கலாம், ஜட்ஜ் காது கொடுத்துக் கேட்பார் என்றார்.

அவரே விசாரித்துச் சொன்ன அடுத்த வாய்தாவுக்கு வஞ்சியூர் கோர்ட்டுக்குக் கிளம்பினேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் நான் எந்தக் காரியத்துக்கும் போனதில்லை. அன்று எந்த முகத்தோடு உடைக்க? நேரே நடந்துவிட்டேன்.

கோர்ட்டில் சேச்சி எனக்கு முன்னமே வந்து சுவரோரம் நின்றிருந்தாள். வாய்தா தவறாமல் அரைநாள் லீவு போட்டு, வக்கீலும் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். ஜட்ஜ் ஃபைலைப் புரட்டிவிட்டு, கோபமே இல்லாமல், அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டதா என்று மலையாளத்தில் கேட்டார்.

"அம்மைக்கு இப்போ சுகமாணோ?"

எந்த அம்மாவைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கம்பெனி வக்கீல்தான் சலிப்போடு சொன்னார். நாகர்கோவிலில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவை நான் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, இரண்டாம் பிரதிவாதி, அதாவது சேச்சி, ஒவ்வொரு தடவையும் அவகாசம் வாங்கியிருக்கிறாளாம். சம்மன் வந்த அன்றைக்கு நான் அளந்த புளுகு மதிலுக்கு அந்தப்பக்கம் அவளுக்கும் கேட்டிருக்கிறது.

என் அம்மா செத்து ஏழு வருடம் ஆகிறது. அன்று நான் மயங்கி விழுந்தபோது என்னை மடியில் போட்டுக்கொண்டவள் சேச்சி.

உண்மையைச் சொன்னால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். "சுகமாயி, சார்" என்றேன். நாக்கு கூசியது. தவணை கிடைத்தது. நான் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்வரை சேச்சியின் சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன், உன்னைக் கோர்ட்டில் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று. அவள் குடையை விரித்தாள்.

"அது போட்டே, விடு. கள்ளம் பறஞ்சது நான், அதை பகவான்கிட்ட நான் பறஞ்சுக்கிறேன். தினமும் என்னைக் கண்டு கதவை அடச்சல்லோ நீ. அதுக்கு நான் என்ன தெற்று, என்ன தப்பு செஞ்சேன்?"

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அன்று என் வீட்டுக் கதவை நான் சாத்தவில்லை.