சொட்டு மருந்தக்காவின் அரைத்தாள்

அந்தக் கண் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மருந்துக் கடைக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் ஒரு மேசை உண்டு. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, மறுநாள் காலையில் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் கடைசியாக நின்று போகும் இடம். பதினெட்டு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவள் ஒரே ஒருத்திதான். வருகைப் பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும், வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் சொட்டு மருந்தக்கா.

வேலை என்று பார்த்தால் சின்ன வேலைதான். வெள்ளை மூடி பாட்டில் எத்தனை வேளை, ரோஸ் மூடி பாட்டில் எத்தனை வேளை, இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அச்சடித்த நாலு பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது பேர். அறுபது தடவையும் முதல் தடவை சொல்வது போலவே சொல்ல வேண்டும். கஷ்டம் அங்கேதான் இருந்தது.

கொடுத்த தாள் என்ன ஆகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாசல் தாண்டுவதற்குள் பாதிப் பேர் அதை விசிறியாக்கிவிடுவார்கள். பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பலகையில் விரித்து உட்காருவார்கள். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா தினமும் சாயங்காலம் இரண்டு மூட்டை கட்டுவாள். "நீ காலையில குடுக்குறே, நான் சாயந்தரம் பொறுக்குறேன். நடுவுல இவங்க எதுக்கு? நேரா என் மூட்டையிலயே போட்டுடேன்" என்று சிரிப்பாள்.

ஊழியர் கூட்டத்தில் மேலாளர் வழக்கம்போல "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டபோது, வழக்கத்துக்கு மாறாக ஒரு கை எழுந்தது. சொட்டு மருந்தக்காவின் கை.

"சார், அந்த நாலு பக்கத்தை முக்கால்வாசிப் பேர் படிக்கிறதே இல்ல. குப்பைக்குத்தான் போகுது. ஏதாவது பண்ணலாம் சார்."

மேலாளருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பதினைந்தே நாளில் மேசைமேல் ஒரு கண்ணாடிப் பலகை வந்து உட்கார்ந்தது. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கியூஆர் கோடு. போனைக் காட்டினால் படம் ஓடும். எப்படிச் சொட்டு விடுவது, எத்தனை வேளை, எல்லாம் அதிலேயே வரும். காகிதக் கட்டுகள் மாடிப் பரணுக்குப் போயின. "எல்லாம் நம்ம அக்காவோட யோசனை" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கை தட்டினார். அன்று ஒரு நாள் அவளுக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

மறுநாளே வெயில் ஏறியது.

முதலில் வந்தவர் பலகையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதை உத்துப் பார்த்தா கண்ணு தெரியுதான்னு சோதனையாம்மா?" என்றார். அடுத்தவர் அந்தக் கட்டத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று நடையைக் கட்டினார். ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது. ஒரு அம்மாவின் போன் மகனிடம் இருந்தது, மகன் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தான். இன்னொருவருக்கு நெட் இல்லை. ஒருவருக்கு எல்லாம் இருந்தது, ஆனால் போனைத் திறக்கும் எண் மருமகளுக்குத்தான் தெரியும்.

குறை சொல்லிவிட முடியாது. விவரம் தெரிந்த பெண்ணோ பிள்ளையோ கூட வந்திருந்தால், ஒரே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். படம் அண்ணனுக்கும் அக்காவுக்கும் போய்விடும். வீட்டில் யார் சொட்டு விட்டாலும் சரியாக விடுவார்கள். துப்புரவு அம்மாவின் மூட்டை இரண்டும் காணாமலே போயின. ஆனால் கண் மங்கி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தனியாக வந்து நிற்கிறவர்களுக்கு அந்தப் பலகை வெறும் பலகைதான். அவர்களுக்கெல்லாம் அவளேதான் படம், அவளேதான் தாள். முன்பு ஒரு தடவை சொன்னதை இப்போது மூன்று தடவை சொன்னாள். நடு நடுவே ஊராருடைய போன்களை வாங்கி, தட்டி, தேய்த்து, திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய மதிய இடைவேளையில் பாதி இதிலேயே போயிற்று.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டியே" என்றாள் துப்புரவு அம்மா, இந்தத் தடவை சிரிக்காமல்.

வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர். சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்த்தே, "பேசாதே, தலையை மட்டும் ஆட்டு. டீ வேணுமா?" என்பார். அவள் ஆட்டுவாள். "காலு வலிக்குதா?" ஆட்டுவாள். "என்னைக் கட்டிக்கிட்டது தப்புன்னு தோணுதா?" அதற்கும் ஆட்டுவாள். அரை மணி நேரம் இப்படிப் போனால்தான் அவளுக்குக் குரல் திரும்பும்.

மூன்று மாதம் ஓடியிருக்கும். ஒரு நாள் காலை, வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். தையல்காரர். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அதே மேசையிலிருந்து கிளம்பிப் போனவர். தனி ஆள், பொத்தான் வைத்த பழைய போன். அவள் கைக்குட்டையை எடுக்கச் சொன்னாள். கண் செக்கச் செவேலென்று கிடந்தது. வெளிச்சம் பட்டதும் தண்ணீராய்க் கொட்டியது.

"சொட்டு மருந்து விட்டீங்களா அண்ணே?"

"விட்டேம்மா. ஒரு வேளை தவறல. பாட்டில் தீர்ற வரைக்கும் விட்டேன். தீந்துடுச்சு, நிறுத்திட்டேன்."

"தீந்தா இன்னொண்ணு வாங்கி விடணும் அண்ணே. ஆறு வாரம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"அப்படியா?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "எனக்குத் தெரியாதேம்மா."

டாக்டர் பார்த்தார். மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் கண்ணுக்குள் வீக்கம். நல்ல வேளையாக வந்துவிட்டார், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்றார். மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நீங்க அவருக்குச் சொன்னீங்கதானே?"

"சொல்லியிருப்பேன் சார்."

"அப்புறம் என்ன, விடுங்க. நம்ம மேல தப்பில்ல."

அவர் விட்டுவிட்டார். அவளால் முடியவில்லை. தையல்காரர் வந்து போன அந்தப் பழைய காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். வெள்ளை மூடி, ரோஸ் மூடி என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஐந்து நிமிட இடைவெளி ஞாபகம் இருந்தது. 'பாட்டில் தீர்ந்தால் இன்னொன்று' என்ற வரி மட்டும் பிடிபடவே இல்லை. ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிற வரி. அவருக்குச் சொன்னோமா, அவருக்கு முன்னால் நின்றவருக்குச் சொன்னோமா? பின்னால் யாரோ போனை நீட்டிக்கொண்டு அவசரப்படுத்தியது நினைவில் இருந்தது. அதோடு அறுந்துபோனது. யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

அன்று சாயங்காலம் கணவர் கேட்ட எதற்கும் அவள் தலையைக்கூட ஆட்டவில்லை. அவர் டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் சீக்கிரமாகப் போய், பரணிலிருந்து பழைய தாள் கட்டு ஒன்றை இறக்கினாள். ஒருபுறம் மட்டுமே அச்சடித்தது, நாலாம் பக்கத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. அதைக் கிழித்து, இரண்டாக வெட்டி, தடித்த பேனாவால் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நக உயரம். ஒரு தாளுக்கு மூன்றே வரி:

வெள்ளை மூடி, 6 வேளை, வாரம் ஒரு வேளை குறையும்.
ரோஸ் மூடி, 4 வேளை.
பாட்டில் தீர்ந்தால் நிறுத்தாதே. இன்னொன்று வாங்கு.

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி, "போன்ல பார்ப்பீங்களா, பார்க்க வீட்டுல ஆள் இருக்காங்களா?" என்பதுதான். ஆம் என்றவர்களுக்குப் பலகை. இல்லை என்றவர்களுக்கு அரைத்தாள். அதைச் சட்டைப்பையில் மடித்து வைக்க விடமாட்டாள். "கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டுங்க. முகம் பாக்குறப்பல்லாம் இதையும் பாருங்க" என்பாள். தினமும் இருபது தாள் எழுதினாள். குரலோடு விரலும் வலிக்க ஆரம்பித்தது.

ஒன்பதாம் நாள் மேலாளர் பார்த்துவிட்டார். அரைத்தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காகிதமே வேணாம்னு சொன்னது நீங்கதானே அக்கா?"

"படிக்காத காகிதம் வேணாம்னு சொன்னேன் சார்."

அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். எதிரே ஒரு வயதானவர் அந்த மூன்று வரியைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் "ஓ, தீந்தாலும் விடணுமா!" என்றார். மேலாளர் அந்தத் தாளையே கொண்டுபோய் அச்சுக்குக் கொடுத்தார். 'நிறுத்தாதே' என்பதை 'நிறுத்தாதீர்கள்' என்று மாற்றியது மட்டும் அவருடைய பங்கு. பரணில் கிடந்த பழைய கட்டுகளின் பின்பக்கத்திலேயே அச்சடிக்கச் சொன்னார். அது தீரவே ஒரு வருடம் ஆகும்.

அதனால் வேலை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எழுதுவது நின்றது, அவ்வளவுதான். போன்கள் இன்னும் நீண்டுகொண்டுதான் இருந்தன.

தையல்காரருக்குக் கண் சரியாகிவிட்டது. நாலு மாதம் கழித்து இடது கண்ணுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு மேசை முன்னால் வந்து உட்கார்ந்தார். அவள் அரைத்தாளை நீட்டினாள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பிறகு அவரையே திருப்பிச் சொல்ல வைத்தாள். மூன்றாவது வரியைச் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டார்.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணே, போன தடவை இதை நான் உங்களுக்குச் சொன்னேனா?"

தையல்காரர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியலம்மா. நீங்க என்னமோ சொல்லிக்கிட்டேதான் இருந்தீங்க. நான் வீட்டுக்குத் தனியா எப்படிப் போய்ச் சேர்றதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"இப்ப எப்படிப் போவீங்க?"

"இப்ப வழி தெரியும்" என்று எழுந்தார்.

அவர் பஸ் நிறுத்தம் வரைக்கும் போகிறாரா என்று அவள் எட்டிப் பார்த்தாள். தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார், விசிறவில்லை. அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்ற அம்மாவைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். குரல் பாதிதான் வந்தது.