நின்று இழைப்பதா, உட்கார்ந்து இழைப்பதா

கொழும்பிலிருந்து நான் திரும்பி வந்தபோது பெட்டியில் துணிமணியைவிட இரும்புச் சாமான்தான் அதிகம் இருந்தது. அதில் முக்கியமானது ஒரு காடி இழைப்புளி. கண்ணாடிக்குச் சட்டம் போடும்போது, கண்ணாடி உள்ளே போய் உட்கார மரத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு பள்ளம் எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்குத்தான் காடி என்று பெயர். நான் வேலை பார்த்த கொழும்புப் பட்டறையில் அந்த இழைப்புளியை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். மேசையின் நடுவே ஒரு துவாரம். அதன் வழியாக அலகின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். மரத்தை அதன்மேல் வைத்துத் தள்ளத் தள்ள காடி விழும். அரிவாள்மனையில் காய் நறுக்குகிற கதைதான். அலகு அசையாது, காய்தான் அசையும்.

எனக்கு அப்படி ஒரு மேசை வேண்டும், அவ்வளவுதான். அது அமைந்துவிட்டால் வீட்டிலிருந்தே சட்டம் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், மறுபடி கடல் தாண்ட வேண்டாம் என்று நினைத்திருந்தேன். கொழும்புக்குத் திரும்பிப் போக பெர்மிட் கையில் இருந்தது. அதன் கெடு நோன்புக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் இன்னொன்று வாங்குவது அந்த வருடங்களில் குதிரைக் கொம்பு. ஆகவே அதற்குள் மேசை வந்து, வேலை ஓடி, இது சோறு போடும் என்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கப்பல்தான்.

கீழக்கரை வழக்கப்படி நான் இருந்தது மனைவியின் வீட்டில். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடையாது. சாப்பிடலாம், படுக்கலாம், வெற்றிலை போடலாம். மரத்தூளோடு முற்றத்தில் நிற்கிற மாப்பிள்ளையை மாமியார் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? என் மாமி என்னோடு நேரே பேசியதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். நான் மகளிடம் பதில் சொல்வேன். மூன்று பேருக்கும் எல்லாம் நன்றாகவே கேட்கும். மேசை எதற்காம் என்று ஒருநாள் கேள்வி வந்தது. சட்டம் போட என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரமே, மாப்பிள்ளை கடை வைத்துக் கணக்கு எழுதப்போகிறார், அதற்குத்தான் மேசை என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் மாமி சொல்லியிருப்பது தெரிந்தது. தச்சு வேலை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சரி, எப்படிப்பட்ட மேசை? இங்கேதான் என் மூளை குழம்பியது. கொழும்பில் மேசை ஏற்கெனவே இருந்தது. நான் போய் நின்றேன், தள்ளினேன். அதன் உயரம் என்ன, பலகை என்ன மரம் என்றெல்லாம் ஒருநாளும் கவனித்ததில்லை. இப்போது கண்ணை மூடி யோசித்தால் மேஸ்திரியின் திட்டுதான் ஞாபகம் வருகிறது, மேசை வரமாட்டேன் என்கிறது.

பரமக்குடியில் தறிகளுக்குச் சட்டம் செய்கிற ஆசாரி ஒருவர் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மரத்தைக் கால் விரல்களால் பிடித்துக்கொண்டு இழைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டை மேசைதான் சரி என்றார். நின்றுகொண்டு தள்ளினால் உடம்பின் கனம் ஒரு பக்கமாகச் சாயுமாம், காடி கோணுமாம். அவர் பேசப் பேச எனக்கு அதுதான் சரி என்று பட்டது. திரும்பி வருகிற வழியில் ராமநாதபுரத்து மரக்கடையில் இறங்கிப் பலகை விசாரித்தேன். கடைக்காரர் தேக்கு என்றார், பிறகு வேங்கை என்றார், பலகையே வேண்டாம் இரும்புத் தகடு போடுங்கள் என்றார். குட்டை மேசையா, அதில் எப்படி ஐயா நீளமான கட்டையைத் தள்ளுவது என்று சிரிக்கவும் செய்தார். பஸ் எங்கள் ஊர் எல்லைக்கு வருவதற்குள் எனக்கு எதுவும் சரி என்று படவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டால், “ஒங்க இஷ்டம்” என்றாள். எதைக் கேட்டாலும் அதே பதில். தேக்கா வேங்கையா, ஒங்க இஷ்டம். நிற்கிறதா உட்காருகிறதா, ஒங்க இஷ்டம். பெர்மிட் முடிவதற்குள் போய்விடட்டுமா என்று கடுப்பில் கேட்டேன். அதற்கு மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் இருப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறதா, தொந்தரவாக இருக்கிறதா என்றே எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் கடற்கரையில் தோணி கட்டுகிற ஓடாவியிடம் போனேன். உள்ளூர்க்காரர், நல்ல வேலைக்காரர். அவர் எப்போதும் நின்றுதான் வேலை செய்வார். கொழும்பிலும் நான் நின்றுதான் செய்தேன். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, தேக்குப் பலகை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மேசை மாட்டு வண்டியில் வந்தது. வாசலில் நுழைய மறுத்து, சாய்த்து, புரட்டி, ஒருவழியாக முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. முற்றத்தில்தான் வெளிச்சம். இழைப்புளியைக் கவிழ்த்துப் பொருத்தி, ஒரு கட்டையை எடுத்துத் தள்ளினேன். காடி ஒரு முனையில் ஆழமாகவும் மறு முனையில் கீறல் போலவும் விழுந்தது. அடுத்த கட்டை நேர்மாறாக வந்தது. அலகைத் தீட்டினேன், கட்டையை மாற்றினேன், கையை மாற்றினேன். கட்டை பலகையின்மேல் ஏற்றம் போல ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பலகை நடுவில் லேசாக மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் இருந்தது. கைதவறிய வேலை இல்லை அது. பார்த்துப் பார்த்து இழைத்துக் கொண்டுவந்த வளைவு.

கோபத்தோடு போய் ஓடாவியிடம் கேட்டேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை.

“தட்டையா விட்டா தண்ணி நிக்காதா தம்பி? நின்னா பலகை ஊறிப்போகுமே.”

தோணியில் மேல்தட்டு அப்படித்தான் இருக்க வேண்டுமாம். வீட்டுக்குள் தண்ணீர் ஏது என்று கேட்டேன். மேசையை எங்கே போட்டிருக்கிறேன் என்று திருப்பிக் கேட்டார். முற்றத்தில் என்றேன். மழை பெய்தால் முற்றத்தில் விழாதா என்றார். விழும்தான். அவர் சொன்னது நியாயமா அநியாயமா என்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

மேட்டை இழைத்துத் தட்டையாக்கலாம். மேசையைத் தள்ளிவிட்டுப் பரமக்குடிக்காரரிடமே போகலாம். எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுக் கொழும்புக்குப் போகலாம், அங்கே மேசை தயாராக இருக்கிறது. மேசை பக்கத்தில் நின்றபடி இந்த மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி உலர்ந்த துணிகளை எடுக்க முற்றத்துக்கு வந்தாள். நீயாவது வாயைத் திறந்து ஒன்று சொல்லேன் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

“குட்டையாப் போடுங்க” என்றாள்.

குட்டை மேசையில் கை வீச்சு குறையும், நீளக் கட்டை தரையில் இடிக்கும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க இங்கன நின்னுக்கிட்டு வேல பாக்குறதப் பாத்தா, எந்நேரமும் கப்பலுக்குக் கெளம்புறாப்புலயே இருக்கு. உக்காந்து செஞ்சாத்தான், இருக்கீங்கன்னு மனசு நம்பும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் நான் இருந்த நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். வந்து நிற்பேன், பெட்டியைத் திறப்பேன், மறுபடி கட்டுவேன். அவள் சொன்ன ‘ஒங்க இஷ்டம்’ எல்லாம் அலட்சியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, எவ்வளவு பெரிய மடையன் நான்.

மறுநாள் காலையில் மேட்டை இழைத்துத் தட்டையாக்கினேன். பிறகு ரம்பத்தை எடுத்து மேசையின் கால்களை அறுத்தேன். நான்கையும் ஒரே அளவாக அறுப்பது லேசான காரியம் இல்லை. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று நீண்டது, அதைக் குறைத்தால் மேசை மறுபக்கம் ஆடியது. குட்டை மேசை மேலும் மேலும் குட்டையாகிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கணக்கு எழுதுகிற மேசைக்குக் காலை ஏன் அறுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். உடம்பெல்லாம் மரத்தூளோடு நான் தரையில் உட்காரப் போன நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

“மாப்புளைக்கி ஒரு பலகை எடுத்துப் போடு புள்ள. வெறுந்தரையில எம்புட்டு நேரம் உக்காருவாக?”

மனைவி பலகையைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்துத் தள்ளினேன். முதல் காடி நேராக விழுந்ததா என்பது இப்போது நினைவில்லை. பெர்மிட்டின் கெடு முடிந்த நாளும் நினைவில்லை. அன்றைக்கும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.