முப்பது கழியுமுன்

என் மகள் ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளைத் தேற்றி என் கையில் கொடுத்தபோது, குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை கெட்டுப்போகலாம், பிறந்து முப்பது நாளுக்குள் திருச்சிக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிடுங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார்.

செட்டிகுளத்தில் அம்மா வீட்டுக்கு வந்ததும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. முப்பது கழிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, பேர் வைத்த பிறகுதான் பிள்ளை வாசற்படி தாண்டலாம் என்றாள் அம்மா. அரியலூரில் வேலையிலிருந்த கணவருக்குப் போன் செய்தால், அத்தை சொல்கிறபடி கேள் என்று நல்ல பிள்ளையாகப் போனை வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையின் கண்ணோ பளிச்சென்று இருந்தது. “இந்தக் கண்ணுக்கு என்னடி கொறச்சல்? பச்ச ஒடம்பத் தூக்கிக்கிட்டு பஸ்ல போறேங்கற” என்றாள் அம்மா. ஒரு வாரம் இப்படியே போனது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். திட்டிக்கொண்டே அம்மாவும் கூட வந்தாள். பாடாலூரில் திருச்சி பஸ் ஏறினோம்.

அங்கே கண் ஆஸ்பத்திரியில் இமையைக் கம்பியால் விரித்துப் பார்த்தார்கள். அவள் கத்திய கத்தலில் என் மாரில் பால் கசிந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் வளர்வதற்கான ஹார்மோன், வயிற்றில் இருக்கும்வரை தாயின் பக்கமிருந்து போகும். முன்கூட்டியே பிறந்தால் அந்த வரத்து அறுந்து, குழாய்கள் பாதியில் நின்றுவிடும். பிறகு குழந்தையின் உடம்பே அதைச் சுரக்கும்போது, நின்றவை தாறுமாறாகக் கிளைவிட்டு விழித்திரையையே பிய்த்துவிடக்கூடும். இவளுக்குக் கிளைவிடத் தொடங்கிவிட்டது, இன்றே கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்.

“அத நான் இப்பக் குடுக்க முடியாதா டாக்டர்?”

“பால் குடுங்கம்மா, நல்லது. ஆனா வயித்துல குடுத்ததுக்கு அது ஈடாகாது.”

எனக்கு என் உடம்பின் மேலேயே ஆத்திரம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் அவளைப் பிடித்து வைத்திருக்கக் கூடாதா?

ஊசி போட்டதில் வலது கண்ணில் குழாய்கள் அடங்கிவிட்டன. இடது கண்ணைப் பற்றி இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை; மாதக்கணக்காகப் போய் வந்துகொண்டிருக்கிறோம். இப்போது எனக்கு முன்னால் அம்மாதான் கிளம்பி நிற்கிறாள். காலையில் பிள்ளையின் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணுக்கு முன்னால் சிவப்புக் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறாள்.

நேற்று ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள். “அந்த ஒரு வாரத்துனாலதானாடி?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டரிடமும் நான் அதைக் கேட்டதில்லை. வலது கண்ணைப் பொத்திய கையை அம்மா எடுக்கவில்லை; கிலுகிலுப்பையை வாங்கி நான் ஆட்டினேன். பிள்ளையின் தலை சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அவள் அதைப் பார்த்தாளா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.