அக்காவுக்குப் புளிப்பு ஆகாது

எலுமிச்சம்பழத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. பழம் பாவம், அது என்ன செய்யும்! மைசூரில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. வாசலைத் தாண்டினால் எலுமிச்சை, நெல்லிக்காய், குடகு ஆரஞ்சு என்று கூடை கூடையாக விற்பார்கள். அந்தச் சந்தில் இருந்துகொண்டு என் அக்கா புளிப்பு இல்லாமல் செத்துப்போனாள். சொன்னால் யாராவது நம்புவார்களா?

யுத்த காலம் அது. அக்காவைப் பெங்களூரில் கொடுத்திருந்தது. கல்யாணமான சில மாதங்களிலேயே அவளுக்கு மாதவிலக்கு கட்டுக்கடங்காமல் போக ஆரம்பித்தது. உடம்பு தேறட்டும் என்று அத்திம்பேரே கொண்டுவந்து விட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே மனுஷர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். "ரயில் உங்களுக்காக நிக்கப்போறதில்லை, கிளம்புங்கோ" என்று அக்கா சிரித்தாள். சீக்கிரம் குணமாகி அவரிடம் போய்ச் சேர வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு நினைப்பு.

எங்கள் குடும்பங்களில் மாதவிலக்காகித் தூரமான பெண் கொல்லைப்புற அறையில் தனியாக உட்கார வேண்டும். அந்த நாட்களில் புளிப்பு தொடக்கூடாது. புளிப்பு ரத்தத்தை இளக்கிவிடும், போக்கு அதிகமாகும் என்பார்கள். அக்காவின் நிலைமையைப் பார்த்த அம்மா, அந்த நாட்களுக்கு மட்டும் விலக்கினால் போதாது என்று முடிவு கட்டினாள். எல்லா நாளும் புளிப்பு கிடையாது. புளி, எலுமிச்சை, ஊறுகாய், மோர், பழம் எதுவும் இலைப்பக்கம் வராது. காய்கறியைக்கூடக் குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போடுவாள். பருப்பு, நெய், சாதம், பால். "என்னடி, அம்மா எனக்கு மறுபடியும் அன்னப்பிராசனம் பண்றாளா?" என்பாள் அக்கா.

போக்கு குறையவில்லை. பல் தேய்த்தால் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே காலெல்லாம் நீலம் பாரித்தது. ஒருநாள் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாக்கு மரத்துப்போச்சும்மா. ஒரே ஒரு சொட்டு எலுமிச்சம்பழம் குடேன்" என்றாள். அம்மா அழுதுவிட்டாள். "கேக்காதேடி என் கண்ணே. நீ நன்னா ஆயிடு, மரத்தையே வாங்கித் தரேன்."

கடைசியில் அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் போனால் வந்து தலைமுழுக வேண்டும் என்பதால் அம்மா வரவில்லை, நான் துணைக்குப் போனேன். லேடி டாக்டர் சென்னைப் பக்கத்துக்காரர். அக்காவின் வாயைத் திறந்து பார்த்தவர், வெளியே நின்றிருந்த அப்பாவைக் கூப்பிட்டு ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தார். "விட்டமின் சி மாத்திரைங்க. சண்டை நேரத்துல கிடைக்கிறதே பெரிசு. தினமும் குடுங்க" என்றார். சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. மைசூரில் ஒரு வீட்டில் எலுமிச்சம்பழம் இருக்காது என்று யாருக்குத்தான் தோன்றும்?

எந்த மருந்தையும் தான் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்க்காமல் அம்மா எங்களுக்குத் தரமாட்டாள். இதையும் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "ஐயையோ, சுத்தப் புளிப்பு! இதைக் குடுத்தா கொழந்தை தாங்குவாளா? முதல்ல ரத்தம் நிக்கட்டும், அப்புறம் குடுக்கலாம்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புட்டி அலமாரிக்குப் போயிற்று. ரத்தம் நிற்கவில்லை, புட்டியும் மறுபடி திறக்கவில்லை. மாத்திரை உள்ளே போகிறது என்றே அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் சமாசாரம், ஆண்கள் கேட்கிற வழக்கம் இல்லை. நல்ல வழக்கம்!

ஒரு காலையில் அக்கா கிணற்றடியில் விழுந்துவிட்டாள். மறுபடி ஆஸ்பத்திரி, அப்பாவும் நானும். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்க, நான் சொன்னேன். மாத்திரையையும் சொன்னேன். அவர் அக்காவின் ஈறை மறுபடி பார்த்தார்.

"புளிப்புப் பழத்துல இருக்கிற அந்த விட்டமின் இல்லாமதாம்மா ஈறு இப்படி ஆயிருக்கு. ரத்தப்போக்கு நிக்காததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம். பழம் குடுத்திருந்தாலே போதுமே" என்றார்.

பக்கத்தில் நின்றிருந்த அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். ஊசி போட்டார்கள், என்னென்னவோ செய்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா போய்விட்டாள். அத்திம்பேர் வரும்வரைகூட அவளுக்கு உயிர் தங்கவில்லை.

ஜட்கா வண்டியில் திரும்பும்போது அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். "டாக்டர் சொன்னது உங்கம்மா காதுல விழப்படாது. தெரிஞ்சா அவ உயிரோட இருக்கமாட்டா" என்றார். நான் தலையாட்டினேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள். "புளிப்புன்னு ஒண்ணைக் கண்ணுல காட்டலையே! அந்த மாத்திரையைக்கூட நாக்குல வெச்சுப் பார்த்துன்னா வேண்டாம்னேன். அப்படிப் பார்த்துப் பார்த்தும் போயிட்டாளே!" எனக்கு உடம்பெல்லாம் எரியும். கத்தவேண்டும் போலிருக்கும். யாரைப் பார்த்துக் கத்துவது? அவளைவிட அக்காவிடம் பிரியம் வைத்தவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை.

அடுத்து நான் தூரமானபோது அதே கொல்லைப்புற அறையில் உட்கார்ந்தேன். அம்மா பருப்பும் நெய்யும் சாதமுமாகக் கொண்டுவந்து எட்ட நின்று வைத்தாள். "இனிமே உனக்கும் புளிப்பு வேண்டாண்டி. நீயாவது எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வைத்ததைச் சாப்பிட்டேன்.

அந்த நாட்களில் கொல்லைப்பக்கமே வராத அப்பா அன்று மத்தியானம் வந்தார். மேல்துண்டுக்குள்ளிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்து, உரிக்கத் தெரியாமல் உரித்து, வாழையிலைத் துண்டில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார். "சீக்கிரம் சாப்பிடும்மா" என்றார். இலையைக் கையில் எடுத்து ஒரு சுளையை வாயில் போட்டேன். அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். தீட்டையும் மறந்து ஓடிவந்து இலையை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஒருத்தியைத்தான் காப்பாத்த முடியலை. இவளையும் கொன்னுடணுமா உங்களுக்கு?"

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார். எல்லாவற்றையும் இப்போது சொல்லிவிடப்போகிறார் என்று நான் பயந்துபோனேன்.

"தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சுடு" என்றார்.