ஏரித் திட்டுக்கு ஜாமீன்

கந்தகம் எரிந்த வாடை வந்தால் என் முதுகுக்குத்தான் முதலில் தெரிகிறது. மூக்குக்குப் பிறகுதான். போன வாரம், இப்போது நான் குடியிருக்கும் தெருவில் ஒரு பிணம் போனது. முன்னால் நடந்தவன் சரவெடியைக் கொளுத்திப் போட்டான். சன்னலைச் சாத்தப் போன என் கை பாதியில் நின்றுவிட்டது. சட்டைக்குள் தோல் சுருங்கி, உடம்பு ஒரு கல்லைத் தேடியது, சாய்ந்துகொள்ள அல்ல, கட்டுண்டு நிற்க.

உத்திரமேரூரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் நான் பிறந்த ஊர். எங்கள் ஏரியில் பறவை இறங்கிவிட்டால் தீபாவளிக்கு வெடி கிடையாது, பிணத்துக்குப் பறை கிடையாது. செத்தவர்கள் எங்கள் ஊரில் பூனைபோலப் போவார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் யூரியா மூட்டை வேண்டாம், நெல் கறுத்துக்கொண்டு வரும். பக்தியும் பேராசையும் ஒரே வாய்க்காலில் ஓடிய ஊர்.

எமர்ஜென்சி முடிந்து ஓரிரு மழை போயிருக்கும். நான் உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த மதராஸ் கல்லூரி வாத்தியார் ஒருவர், பறவை பார்க்க வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பெரியவருக்குத் தங்க இடம் பிடித்துத் தரச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு லாட்ஜ் இருந்தது, மூட்டைப்பூச்சிகளோடு. பெரியவர் அதை வேண்டாம் என்றுவிட்டார். வடகடலின் ஆளில்லாத தீவுகளில், கல்குடிசைகளில் படுத்தவராம். இங்கேயும் தீவில்தான் தங்குவேன் என்றார். தீவு! நாங்கள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிற ஏரித் திட்டு, அவருடைய வரைபடத்தில் உலகத்தின் கோடி.

பெரிய திட்டில் ஒரு கொட்டாய் இருந்தது. மீன் ஏலம் எடுத்தவர் வலை போட்டுவைக்கிற இடம். வெளியூர்க்காரர், பட்டை பெல்ட்டு, பேச்சுக்கு நடுவே வெற்றிலை. கேட்டதும் கொடுத்தார். "தாராளமா தங்கட்டும் தம்பி. தெப்பமும் நம்முளுதுதான், ஆளும் நம்ம ஆளுதான்" என்றார். அவ்வளவு சுலபமாக யாரும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கயிற்றுக் கட்டில், கொசுவலை, குடிதண்ணீர்ப் பானை எல்லாம் நான் கொண்டுபோய் வைத்தேன்.

சாப்பாடு அத்தை பொறுப்பு. அப்பாவின் தங்கை; புருஷனைத் தூக்கிக்கொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு இருந்தவள். "வெள்ளக்காரன் நாஷ்டாவுக்கு இன்னாடா துன்னுவான்?" என்று கேட்டாள்.

"முட்டை போதும் அத்தே."

"முட்டையா? மரத்து மேல கீறதையும் ரெண்டு எறக்கித் துன்னுட்டான்னா?"

அவள் சிரித்துக்கொண்டு கேட்டதை ஊர் சிரிக்காமல் கேட்டது. மதகடியில் கூடினார்கள். ஊர் நாட்டாமை என் பெரியப்பா. அசலூர் ஆள் ஏரியில் ராத்தங்கினால் உள்ளூர் ஆள் ஒருவன் ஜாமீன் நிற்க வேண்டும். சத்தம் கேட்டால், பறவை கலைந்தால், ஜாமீன்காரனை மதகுக் கல்லில் கட்டி, கிணற்றில் கவலை இறைக்கிற கயிற்றை நனைத்து அடிப்பார்கள். முதல் அடி அவனுடைய சொந்தக்காரன் அடிக்க வேண்டும். அப்போதுதான் பின்னால் பகை வராதாம்.

"யாருடா ஜாமீன்?" என்றார் பெரியப்பா.

"நான்தான்."

"முதுகு தாங்குமா நைனா? டைப்பு அடிக்கிற முதுகு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியவர் வந்தார். கொக்குக்குக் கால்சட்டை போட்ட மாதிரி உடம்பு. முக்காலியில் நிற்கும் நீளமான கறுப்புத் தொலைநோக்கி ஒன்று. நத்தைகுத்தி நாரை உச்சிவெயிலில் இறக்கையைப் பாதி விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிக்கும். அதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம். முதல் நாள் என்னையும் பார்க்கச் சொன்னார். குழாய்க்குள் ஒரு தாய், வெயிலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு நின்றது. பிறந்ததிலிருந்து அந்த ஏரிக்கரையில் நடந்தவன் நான். அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் விடியலில் தூக்குச்சட்டியோடு ஏரிக்கரைமேல் ஏறினேன். தெப்பம் அதன் இடத்தில் இல்லை. பனி, தண்ணீரின் மேல் பாலாடையாகக் கிடந்தது. அப்போது ஒரு வெடி. அது அடங்குமுன் இன்னொன்று.

ஏரி எழுந்து நின்றது. அப்படித்தான் சொல்ல முடியும். மரங்களிலிருந்து வெள்ளையும் கறுப்பும் பிய்த்துக்கொண்டு கிளம்பி, ஒன்றோடொன்று மோதி, வானம் கிழிந்த துணிபோல் அடித்துக்கொண்டது. தாய்கள் துள்ளிய வேகத்தில் கூடுகள் சாய்ந்தன. குஞ்சுகள் காய்போலக் கொட்டின. தண்ணீரில் விழுந்ததைப் பருந்து எடுத்தது. கிளையில் சிக்கித் தொங்கியதைக் காக்கைகள் உயிரோடு கொத்தின. கண்ணைத்தான் முதலில். கத்துவதற்குத் திறந்த அலகுகள் திறந்தபடியே நின்றன.

சத்தம் கேட்டு ஊரே கரைக்கு ஓடிவந்தது. கூட்டத்தில் ஏலக்காரர் குரல்: "சுட்டுட்டான்! வெள்ளக்காரன் சுட்டுட்டான்! அங்க பாருங்க துப்பாக்கி!"

திட்டின் மேல் அந்தக் கறுப்புக் குழாய், முக்காலியில், மரங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. ஊரில் ஒருவர்கூட அதற்குள் கண் வைத்துப் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

தூக்குச்சட்டி உருண்டது. என் சட்டையை யார் கிழித்தார்கள் என்று தெரியாது. கல் மார்பில் குளிர்ந்தது, கைகளை மறுபக்கம் இழுத்துக் கட்டினார்கள். "குழாய்ல குண்டு இல்ல, கண்ணாடிதான் கீது" என்று கத்தினேன்.

"குஞ்சு செத்துக் கெடக்குது. கண்ணாடியா கொன்னுச்சு?" என்றார் பெரியப்பா. பிறகு காதருகில் குனிந்து, "பல்லக் கடிச்சுக்க" என்றார்.

முதல் அடி அவருடையது. தயவு காட்டவில்லை. தயவு காட்டினால் ஊர் திரும்பச் செய்யச் சொல்லும். முதல் அடி நெருப்பாக இல்லை. வெறும் சத்தமாக இருந்தது, யாரோ பக்கத்தில் துணி துவைப்பதுபோல். இரண்டாவதில்தான் அந்தத் துணி நான் என்று தெரிந்தது. பிறகு கயிறு கை மாறியது. மாமன், மச்சான், கூடப் படித்தவன். ஒவ்வொரு கைக்கும் ஒரு எழுத்து இருக்கிறது, கண்ணை மூடினாலும் வாசிக்கலாம். பிழிந்த தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து வேட்டி முடிச்சில் இறங்கின.

பெரியவர் திட்டிலிருந்து எல்லாவற்றையும் தன் குழாய் வழியாகப் பார்த்திருக்கிறார். தெப்பம் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில், தாமரைக்கொடி காலைச் சுற்ற, விழுந்து எழுந்து நடந்தே வந்தார். சேறு வழிய மதகில் ஏறி இங்கிலீஷில் கத்தினார்.

"இன்னா சொல்றான்?" என்று பெரியப்பா என்னைத்தான் கேட்டார். வேறு யாருக்கு அந்த மொழி தெரியும்?

கல்லில் கன்னத்தை வைத்தபடி மொழிபெயர்த்தேன். "அவருகிட்ட துப்பாக்கி இல்லியாம். அடிக்கிறதா இருந்தா அவர அடிக்கச் சொல்றாரு."

"விருந்தாளிய அடிக்கிற வழக்கம் இல்லன்னு சொல்லு."

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்தது. பெரியவர் கயிற்றின் குறுக்கே பாய்ந்தார். அது அவர் கன்னத்தைக் காது வரை திறந்தது.

அந்த நேரத்தில்தான் தண்ணீருக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. பெண்கள், விழுந்த குஞ்சுகளைப் பொறுக்க ஏரிக்குள் இறங்கியிருந்தார்கள். அத்தையின் மடியில் குஞ்சுகள் நெளிந்தன. வலது கையில் ஒரு கொத்துத் தலைமயிர்; மயிருக்குக் கீழே ஏலக்காரருடைய தெப்பக்காரன். சின்னத் திட்டுக்குப் பின்னால் கோரைக்குள் தெப்பத்தோடு பதுங்கியிருந்தானாம். அவன் உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. அவன் மடியிலிருந்து ஈரத்தில் பற்றாமல்போன ஒரு நாட்டு வெடியைப் பிடுங்கி, பெரியப்பாவின் காலடியில் வீசினாள்.

"இதான்டா துப்பாக்கி! மோந்து பாருங்கடா இவன் கைய. பேமானிங்களா, எங்க அண்ணன் புள்ளைய உரிச்சிட்டீங்களே!"

தெப்பக்காரன் அழுதுகொண்டே சொன்னான். பறவை கூடை கூடையாக மீனைத் தின்கிறது, கோடையில் வலைக்கு ஒன்றும் மிஞ்சாது, வெள்ளைக்காரன் தங்கியிருக்கும்போதே கலைத்துவிட்டால் பழி அவன் தலையில் போகும் என்று முதலாளி சொன்னாராம்.

என்னை அவிழ்த்த கயிற்றிலேயே ஏலக்காரரைக் கட்டினார்கள். வெற்றிலை எச்சில் அவர் மோவாயில் வழிந்தது. கயிற்றை நனைத்தார்கள். ஒருவரும் அடிக்கவில்லை. வழக்கம் இடித்தது: முதல் அடிக்குச் சொந்தக்காரன் வேண்டும். அந்த ஆளுக்கு ஊரில் சொந்தம் ஏது?

பெரியப்பா கயிற்றை என் கையில் திணித்தார். "ஒரே கல்லுல கட்டுண்டீங்க ரெண்டு பேரும். இதவிட சொந்தம் இன்னாடா?"

அடித்தேன். வழக்கப்படி முதல் அடியோடு என் வேலை முடிந்தது. ஆனால் கயிற்றை நான் கை மாற்றவில்லை, அடித்துக்கொண்டே இருந்தேன். அந்த முதுகு திறந்தபோது என் முதுகு குளிர்ந்தது. அப்படி ஒரு குளிர்ச்சியை நான் அதற்குப் பிறகு எதிலும் அனுபவித்ததில்லை, பெண்ணிடத்திலோ பாட்டிலோ. பெரியவர் என் கையைப் பிடித்துத் தொங்கி என்னவோ கத்தினார். நிறுத்து என்றார், போதும் என்றார், நீயுமா என்றார். அதை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். ஏலக்காரர் எப்போதோ நொண்டிக்கொண்டு போய்விட்டார், போலீஸுக்கு யாரும் போகவில்லை. பாதிப் பறவைகள் திரும்பியிருந்தன. மீதி, காலியான கூடுகளுக்கு மேலே சுற்றின. பெரியவரின் கன்னத்தில் அத்தை மஞ்சளை அப்பியிருந்தாள். என் முதுகிலும் அதே மஞ்சள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"திரும்ப வருவாரான்னு கேளுடா" என்றாள் அத்தை.

கேட்டேன். ஏரியைப் பார்த்தபடி சொன்னார். நான் ஊருக்குச் சொன்னேன்: "வருவாராம். ஆனா எவனையும் ஜாமீன் வைக்க மாட்டாராம். அவருக்கு அவரே ஜாமீனாம்."

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அது எப்படி செல்லும்? மொத அடி அடிக்க அவருக்கு இங்க சொந்தம் யாரு கீறாங்க?"

பஸ் வந்து நின்றது. பெரியவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். அத்தை ஓடிப்போய் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன், நான் இல்ல? மொத அடி நான் அடிக்கிறேன். சொல்லுடா அவருகிட்ட."